இடுப்பு நோவுக்குக் கைரோபிராக்டிக்: திருகோணமலையிலிருந்து புறப்படுமுன் பார்க்க வேண்டியவையும் மேசையில் நடப்பவையும்

பயிற்சி பெற்ற கைரோபிராக்டரிடம், அதாவது மூட்டையும் முள்ளந்தண்டையும் கையால் அசைத்து வைத்தியம் செய்பவரிடம், காட்ட வேண்டுமென்றால் திருகோணமலையில் இருப்பவர் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பஸ்ஸில் ஏழு மணித்தியாலம் அசையாமல் குந்தியிருக்க வேண்டும். நோகிற இடுப்புக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. ஆகவே ரிக்கெட் எடுக்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: நோ உண்மையில் எந்த இடத்திலிருந்து வருகிறது? அந்த இடத்துக்குக் கையால் செய்யும் வைத்தியம் உதவுமா? இந்த இரண்டையும் ஊரிலேயே கண்டுபிடிக்கலாம். பலருக்குக் கொழும்புப் பயணமே தேவைப்படாது.

முதற்படி: கை போகிற இடத்தைப் பாருங்கள்

நோ எங்கே என்று கேட்டால் பாதிப்பேர் நாரியில் கை வைப்பார்கள், சிலர் பிட்டத்தில், சிலர் தொடையின் வெளிப்பக்கத்தில். உண்மையான இடுப்பு மூட்டு இவை எதற்கும் நேரே இல்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் உட்காருகிற அந்த மூட்டு உடலின் முன்பக்கம், தொடை இடுக்கின் நடுவில், ஆழத்தில் இருக்கிறது. அது பழுதானால் நோ பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும். அங்கிருந்து முன்தொடை வழியாக முழங்கால் வரை இறங்குவதும் உண்டு. முழங்காலுக்கு மாதக்கணக்கில் எண்ணெய் பூசியும் குறையாமல், கடைசியில் இடுப்பு மூட்டுத் தேய்ந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரியவருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பெருவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து இடுப்பின் பக்கத்தைக் கவ்விப் பிடித்து "இதற்குள்ளே" என்று காட்டுபவருக்கு மூட்டிலேயே கோளாறு இருக்கும் வாய்ப்பு அதிகம். தொடையின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்பை ஒரு விரலால் அழுத்தி "இங்கேதான், இந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை" என்றால் அது பிட்டத் தசைநாண் கோளாறு. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் இதுதான் அதிகம். பிட்டத்தின் மேற்பகுதியில், நாரிக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கமாக நோவென்றால் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டைச் சந்தேகிக்கலாம். அங்கிருந்து காலின் பின்பக்கமாகக் கீழிறங்கி, முழங்காலையும் தாண்டி விறைப்போ மின்சாரம் பாய்வது போன்ற எரிவோ வந்தால் அது நாரியின் நரம்பு.

வீட்டில் செய்யும் மூன்று சோதனைகள்

உயரமான கட்டிலின் ஓரத்தில் கால் நிலத்தில் படாமல் இருங்கள். இரண்டு முழங்கால்களும் ஒட்டியிருக்க, இரண்டு பாதங்களையும் வெளிப்பக்கமாக விரியுங்கள். நோகிற காலின் பாதம் மற்றதைவிடக் குறைவாகத் திரும்பி, தொடை இடுக்கிலும் குத்தினால் மூட்டுத் தேய்வு அல்லது மூட்டுக்குள் வேறு கோளாறு. பாதம் வெளியே போகும்போது தொடை உள்நோக்கித் திரும்புகிறது. தேய்வில் முதலில் குறைவது இந்த உள்திருப்பம்தான்.

அடுத்து, மல்லாந்து படுத்து, நோகிற காலின் குதிகாலை மற்ற முழங்காலின் மேல் வைத்து, மடிந்த முழங்காலை மெதுவாக வெளியே சரிய விடுங்கள். தொடை இடுக்கில் நொந்தால் மூட்டு. பின்னால், பிட்டத்தின் மேற்பகுதியில் நொந்தால் அந்த அடிமுதுகு மூட்டு.

மூன்றாவதாக, சுவரில் ஒரு விரல் மட்டும் தொட்டு நோகிற காலில் 30 செக்கன் நில்லுங்கள். அதற்குள் வெளிப்பக்க எலும்பில் வழக்கமான அதே நோ வந்தால் தசைநாண். நிற்கும்போது மற்றப் பக்க இடுப்பு கீழே தொங்குகிறதா என்று ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தொங்கினால் நிற்கும் பக்கத்துப் பிட்டத் தசை பலமிழந்துவிட்டது என்று அர்த்தம். பலமிழந்த தசையை எந்தக் கைவைத்தியமும் பலமாக்காது.

யார் எந்த நெட்டி முறிப்புக்கும் உடம்பைக் கொடுக்கக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். கைரோபிராக்டர், பரியாரி, மசாஜ் செய்பவர், பக்கத்து வீட்டில் "சுளுக்கு எடுப்பவர்" எல்லாருக்கும் இது பொருந்தும்.

வயதானவர் வழுக்கி விழுந்து, ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளியே திரும்பிக் கிடந்தால் அது தொடைக் கழுத்து முறிவு. பிடித்துத் தூக்கி நடக்கவைக்கப் பார்க்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கள், காசு வாங்கமாட்டார்கள். காய்ச்சலோடு இடுப்பு நொந்து காலை அசைக்கவே முடியவில்லையென்றால் மூட்டுக்குள் கிருமி சேர்ந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. நாரி நோவோடு சலம் போவதில் கட்டுப்பாடு இல்லாமற்போனாலோ, இருக்கும்போது கதிரையில் படும் பகுதி மரத்தாலோ அதுவும் அவசரந்தான்.

புற்றுநோய்க்கு வைத்தியம் பெற்றவர், காரணமில்லாமல் மெலிந்துகொண்டு போகிறவர், படுத்தாலும் இருந்தாலும் ஒரே மாதிரி இராமுழுக்க நோகிறவர் முதலில் டொக்டரிடம் போக வேண்டும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசைகளை நீண்ட காலம் எடுத்தவருக்கும் அளவுக்கு மீறிக் குடிப்பவருக்கும் தொடைத் தலைக்கு இரத்தம் போவது குறைந்து எலும்பு செத்துப்போவதுண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். பெயர் ஒட்டாத போத்தலில் "மூட்டு நோவுக்கு" என்று வாங்கிய குளிசை இரண்டே நாளில் எல்லா நோவையும் போக்கினால், அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவது நல்லது.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கும் வோபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் வெடுக்கென்று தள்ளும் முறை வேண்டாம். செயற்கை மூட்டுப் பொருத்தியவர்களின் அந்த மூட்டில் எந்தத் தள்ளலும் கூடாது.

பிள்ளைகள் நொண்டினால் கைவைத்தியத்துக்கு இடமே இல்லை. 4 முதல் 8 வயதில் தொடைத் தலைக்கு இரத்தம் குறையும் பேத்தஸ் நோயும், 10 முதல் 16 வயதில், அதுவும் உடல் பருத்த பிள்ளைகளில், தொடைத் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து சறுக்குவதும் இப்படித்தான் தொடங்கும். பிள்ளை முழங்கால் நோவென்று சொன்னாலும் இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் தொடங்கியது. முள்ளந்தண்டு விலகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற அவருடைய கொள்கையை இன்று ஒழுங்காகப் படித்த கைரோபிராக்டர்கள் பலரே தூக்கிப் பிடிப்பதில்லை. கையால் மூட்டை அசைப்பதும், தசையைத் தளர்த்துவதும், பயிற்சி சொல்லிக்கொடுப்பதும்தான் அவர்கள் இடுப்புக்குச் செய்யும் வேலை.

மூட்டுத் தேய்வுக்கு ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. நெதர்லாந்தில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 5 வாரத்துக்குப் பிறகு, கைவைத்தியம் பெற்றவர்களில் 81 வீதமானோரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 50 வீதமானோரும் குணம் கண்டதாகச் சொன்னார்கள். ஆனால் 2014இல் அவுஸ்திரேலியாவில், கைவைத்தியமும் பயிற்சியும் சேர்ந்த பிசியோதெரபியை வெறும் பாசாங்கு வைத்தியத்தோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. பிரித்தானியாவின் 2022 வழிகாட்டல், பயிற்சியோடு சேர்த்துத்தான் கைவைத்தியத்தை யோசிக்கலாம், தனியாக வேண்டாம் என்கிறது. இந்த வழிகாட்டியும் அந்தப் பக்கந்தான் நிற்கிறது. கை செய்வது சில நாள் தளர்ச்சி. அந்த நாட்களில் பயிற்சி செய்யாவிட்டால் பிடிப்பு திரும்பி வரும்.

வெளிப்பக்கத் தசைநாண் நோவில் குழப்பம் குறைவு. 2018இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில் 8 வாரத்தில், அறிவுரையும் பயிற்சியும் பெற்றவர்களில் 77 வீதமானோர் தேறினார்கள். ஸ்டீரொயிட் ஊசி போட்டவர்களில் 58 வீதம். சும்மா காத்திருந்தவர்களில் 29 வீதம். இந்த நோவுக்காகக் கொழும்புக்குப் போய் எலும்பை முறுக்குவது வீண் செலவு. அடிமுதுகு மூட்டு, நாரிப் பிடிப்பு இரண்டிலுந்தான் கைரோபிராக்டரின் கைக்கு மரியாதை அதிகம்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தேவையென்றால் எலும்பு மூட்டுக் கிளினிக்குக்கும் பிசியோதெரபிக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய்க்காரர் தங்கள் ஆதார வைத்தியசாலையில் தொடங்கலாம். வயது 45ஐத் தாண்டி, நடந்தால் நொந்து இருந்தால் குறைந்து, காலை விறைப்பு அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிட்டால் தேய்வென்று சொல்ல எக்ஸ்ரே கட்டாயமில்லை. ஆனால் யாரும் கையால் இழுக்கப் போகிறார்களென்றால் இடுப்புக்கூட்டின் ஒரு எக்ஸ்ரே கையில் இருப்பது நல்லது. அது இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் தெரியுமாறு எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒப்பிட வழியில்லை.

இன்னொன்று. இடுப்பு மூட்டை நீளவாக்கில் இழுத்துத் தளர்த்தும் வேலையை மூட்டு அசைப்பில் பயிற்சியுள்ள பிசியோதெரபிஸ்டும் செய்வார். 4 முதல் 6 தடவை அவரிடம் போய், பயிற்சியையும் ஒழுங்காகச் செய்து, அதற்குப் பிறகும் குறையவில்லையென்றால்தான் கொழும்பை யோசிக்க வேண்டும்.

சித்த வைத்தியம் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பே நடக்கிறது. நொச்சி, ஆமணக்கிலை ஒத்தடத்திலும் எண்ணெயிலும் தசைப்பிடிப்புத் தளரும். தடை சொல்ல ஒன்றுமில்லை. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர் மட்டும் ஒத்தடச் சூட்டை மற்றவர் கையால் பார்த்த பிறகு வைக்கட்டும், 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கன்னியா வெந்நீரூற்றில் வார்த்துக் குளித்தால் சுகமாக இருக்கும், தேய்ந்த மூட்டு வளராது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் கைரோபிராக்டிக் பட்டம் கிடையாது. ஆகவே இங்கே வேலை செய்பவர் வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும். எங்கே, எத்தனை வருடம் என்று நேரே கேளுங்கள், கோபித்தால் வேறு ஆளைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வகுத்த அடிப்படைப் பயிற்சி 4,200 மணித்தியாலம், அதாவது நான்கு வருட முழுநேரப் படிப்பு. பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ பதிவு இருப்பதாகச் சொன்னால் அந்த நாடுகளின் பதிவேட்டை இணையத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். வார இறுதிப் பாசறையில் பழகி சுவரில் சான்றிதழ் மாட்டியவரும், காணொளியில் எலும்புச் சத்தம் காட்டிக் கூட்டம் சேர்ப்பவரும் கைரோபிராக்டர் அல்லர்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அது எலும்பு இடத்துக்கு வரும் சத்தமில்லை. மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் பலன் ஒன்றுதான்.

எழும்பி வர வேண்டிய இடங்களும் உண்டு. சப்பாத்தோடு படுக்கவைத்து "ஒரு கால் குட்டை" என்று காட்டி அதையே வியாபாரமாக்குவது ஒன்று. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த வித்தியாசம் கணக்கற்றவர்களுக்கு இருக்கிறது, அது பெரும்பாலும் நோவுக்குக் காரணமில்லை. முதல் நாளே 24 தடவைக்கு முற்பணம் கேட்பது இன்னொன்று. எல்லாருக்கும் முழு முள்ளந்தண்டு எக்ஸ்ரே எடுப்பது மற்றொன்று. "உங்கள் குளிசைகளை நிறுத்துங்கள்" என்று சொன்னால் அந்த நிமிடமே வெளியே வாருங்கள்.

பயணம்

பஸ்ஸைவிட இரவு ரயில் நல்லது. எழும்பி நடக்கலாம், காலை நீட்டலாம். பஸ் என்றால் சில்லுக்கு மேலுள்ள இருக்கையும் கடைசி வரிசையும் வேண்டாம். நோகிற கால் நடைபாதைப் பக்கம் நீட்டக்கூடிய ஓர இருக்கையை எடுங்கள். ஒரு துவாயை மடித்து அடியில் வைத்து, முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்குமாறு குந்துங்கள். பின்பொக்கற்றில் பேர்ஸ் வைக்க வேண்டாம். பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி இரண்டு நிமிடம் நடக்க வேண்டும்.

முக்கியமானது, வைத்தியம் செய்த அன்றே திரும்பக் கூடாது. தளர்ந்த மூட்டை மறுபடி ஏழு மணித்தியாலம் மடக்கி வைத்தால் கொடுத்த காசு பஸ்ஸிலேயே போய்விடும். ஓர் இரவு தங்குங்கள். தங்க வசதியில்லையென்றால் போகவே வேண்டாம் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம்.

மேசையில் நடப்பது

முதல் வருகையில் பாதி நேரம் கேள்வியும் பரிசோதனையுமாகப் போக வேண்டும். நடையைப் பார்ப்பார், இடுப்பை எல்லாப் பக்கமும் திருப்புவார், முழங்கால் கணுக்கால் அனிச்சைகளைத் தட்டிப் பார்ப்பார். இவை எதுவுமில்லாமல் நேரே மேசையில் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். இளகிய காற்சட்டை போட்டுப் போங்கள். பெண்கள் துணைக்கு ஒருவரை உள்ளே வைத்திருக்கலாம்.

இடுப்பு மூட்டுக்கு வழக்கமான முறை நீளவாக்கில் இழுப்பது. மல்லாந்து படுப்பீர்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டு கையாலும் பிடித்து, காலை மேசையிலிருந்து 30 பாகை உயர்த்தி, கொஞ்சம் வெளியே விரித்து, தன் உடற்பாரத்தால் பின்னுக்குச் சாய்வார். 30 செக்கன் இழுத்து விடுவதை 3 முதல் 5 தடவை செய்வார். கடைசியில் சிலர் ஒரு சிறு வெட்டிழுப்பும் கொடுப்பார்கள். முழங்காலில் நோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் பிடியை முழங்காலுக்கு மேலே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இழுப்பெல்லாம் முழங்காலில்தான் விழும். இன்னொரு முறையில் தொடையைச் சுற்றி அகன்ற பட்டியைப் போட்டு, முழங்காலை மார்புப் பக்கம் மடக்கியபடி தொடைத் தலையைப் பக்கவாட்டில் இழுப்பார். குந்தும்போது தொடை இடுக்கில் குத்துபவருக்கு இதில் சுகம் கிடைக்கும்.

அடிமுதுகு மூட்டுக்கு ஒருக்களித்துப் படுக்கவைத்து மேற்காலை மடக்கி இடுப்பைத் தள்ளுவார், அல்லது அழுத்தும்போது சில மில்லிமீற்றர் "டக்" என்று இறங்கும் மேசையைப் பாவிப்பார். எந்த நேரத்திலும் "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்த வேண்டும். இழுக்கும்போது தொடை இடுக்கில் கூர்மையாகக் குத்தினால் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம், சொல்லுங்கள்.

அன்றும் மறுநாளும் உடற்பயிற்சி செய்தது போல உளைவு இருப்பது சாதாரணம். பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேற்படாமல் எடுக்கலாம். ஈரல் நோய் உள்ளவர் டொக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு, பிரெஷர் உள்ளவர் நோ தணிக்கும் டைக்குளோபெனக் குளிசையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. 48 மணித்தியாலம் தாண்டியும் நோ கூடினால், புதிதாகக் கால் மரத்தால், பாரம் ஊன்ற முடியாவிட்டால் அடுத்த தடவை போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டுப் பயிற்சி: உண்மையான வைத்தியம்

நோவைப் பத்துக்கு மதிப்பிட்டால் பயிற்சியின்போது 3, 4 வரை போகலாம். அடுத்த நாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிட வேண்டாம். 12 வாரம் செய்யாமல் "பலனில்லை" என்று முடிவுகட்டக் கூடாது.

1. பாலம்: மல்லாந்து முழங்கால்களை மடக்கி, பிட்டத்தை இறுக்கி உயர்த்தி 5 செக்கன். 10 தடவை, 3 சுற்று. நாரியை வளைத்துத் தூக்குவதுதான் வழக்கமான பிழை. விலா எலும்பை இறக்கி வைத்துப் பிட்டத்தால் தூக்க வேண்டும்.

2. சாரத்தை முழங்கால்களுக்குச் சற்று மேலே சுற்றி இறுக்கிக் கட்டி, கால்களை இடுப்பகலம் வைத்து மல்லாந்து படுத்து, சாரத்தை வெளியே தள்ளி 15 செக்கன் பிடியுங்கள், 5 தடவை. வெளிப்பக்கத் தசைநாண் நோவுக்கு இதுதான் தொடக்கம். உடற்பயிற்சிக் கடையில் பட்டி வாங்கத் தேவையில்லை.

3. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புதல், 10 தடவை, 3 சுற்று. முழங்கால்கள் உள்ளே மடிந்து ஒன்றையொன்று முட்டக் கூடாது. சாதாரணப் பிளாஸ்டிக் கதிரை தாழ்வாக இருந்தால் இரண்டு கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு உயரத்தைக் கூட்டலாம்.

4. மூன்றாம் வாரத்திலிருந்து படியேற்றம்: 15 சென்ரிமீற்றர் படியில் நோகிற காலை வைத்து மெதுவாக ஏறி, அதைவிட மெதுவாக இறங்குங்கள், 8 தடவை, 3 சுற்று.

தசைநாண் நோவுள்ளவர் பலர் காலைக் குறுக்கே இழுத்து வெளிப்பக்கத் தசையை நீட்டும் பயிற்சியைச் செய்கிறார்கள். அது தசைநாணை எலும்போடு வைத்து நசுக்கும். நோ கூடிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைக்கு உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அலை நனைக்கும் இடம் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நடந்தால் கடற்பக்கக் கால் தாழ்ந்து மற்ற இடுப்பு இழுபடும். சரிவில்லாத இறுகிய மணலைத் தேடுங்கள், இல்லாவிட்டால் தாரோட்டில் நடங்கள். மெத்தென்ற காய்ந்த மணல் இன்னும் மோசம். குதிகாலை ஊன்றிப் பின்னோக்கிச் சாய்ந்து கரைவலை இழுப்பவர்கள் நோ தணியும் வரை கயிற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் ஆவணி வரை மார்பளவு தண்ணீரில் 15 நிமிடம் நடந்தால், நிலத்தில் இடுப்பு தாங்கும் பாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தாங்க வேண்டியிருக்கும். தேய்ந்த மூட்டுக்கு இதைவிட நல்ல உடற்பயிற்சிக் கூடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. மாரிக் கடலில் இந்த விளையாட்டு வேண்டாம்.

வீட்டில் சம்மணம் கொட்டுவதையும் தாழ்ந்த பலகையில் இருந்து தேங்காய் துருவுவதையும் சில மாதம் விடுங்கள். குந்தும் மலசலகூடத்தின் மேல் வைக்கும் கொமோட் கதிரை பாமசிகளில் கிடைக்கும். கோயிலில் விழுந்து கும்பிடுபவர் நின்று கும்பிடலாம், தொழுகையைக் கதிரையில் இருந்து நிறைவேற்றலாம். பைக்கில் ஒருபக்கமாக இருந்து போகும் பெண்களுக்கு இடுப்பு முறுகும். இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்கலாம், இல்லாவிட்டால் ஓட்டோ. படுக்கும்போது நோகாத பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளும் தலையணை வையுங்கள்.

பொல்லு பிடிப்பவர்களில் பாதிப்பேர் நோகிற பக்கத்துக் கையில் பிடிக்கிறார்கள். மற்றக் கையில் பிடிக்க வேண்டும். நோகிற கால் முன்னே போகும்போது பொல்லும் சேர்ந்து போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குப் பிடி வர வேண்டும்; அடியில் ரப்பர் குமிழ் தேய்ந்திருந்தால் பாமசியில் புதிதாக வாங்கி மாட்டுங்கள்.